ஊரோடு சேர்ந்து தாழ்கிற ஆணி

இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே நாற்காலியில் அமர்ந்து, அந்த நாற்காலிக்கே முதுகுவலி வரவழைத்த நீர்வாரியத் தலைவரும், இன்றைய அவைத்தலைவரும், என் பழைய மேலதிகாரியுமான கோவெர்ட் ஸ்லிங்கர்லண்ட் அவர்களே! இந்த உடற்பயிற்சிக் கூடத்தைக் காலையிலிருந்து தன் கையாலேயே கூட்டித் துடைத்து விழா மண்டபமாக்கிய தலைமையாசிரியை ஃபென்னா அவர்களே! புயல் வீசும் நாட்களில் ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு ஆற்றங்கரையைக் காவல் காக்கும் பெரியோர்களே! நனைந்த மழைக்கோட்டைக் கழற்ற நேரமின்றி அப்படியே வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே! அட்டையாலும் பசையாலும் கி.பி. இரண்டாயிரத்து நூறாம் ஆண்டின் நகரங்களைக் கட்டியெழுப்பிய மாணவச் செல்வங்களே! கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவை ஒட்டி, போட்டியிலிருந்து நீக்கப்பட்டவர்கள் என்ற பெயரோடு அமர்ந்திருக்கும் மூவரே! உங்கள் மூவருக்கு மட்டும் இரண்டு முறை வணக்கம். காரணத்தைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "நாளைய நகரம்". கொடுக்கப்பட்ட நேரம் எட்டு நிமிடம். மேடை ஏறுமுன் தலைவர் என் தோளில் கை போட்டு, "நல்லதா நாலு வார்த்தை பேசு ரைனியர். கொஞ்சம் சிரிச்ச முகமா இருப்பா, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்காத" என்றார். தலைவர் அவர்களே, முகத்துக்கு நான் பொறுப்பில்லை. இது நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்த முகம். நீங்களும், உங்கள் நிலவறையும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்தான் சிரிக்க முடியும்.

சுவரோரம் மேசைகளில் பதினோரு நகரங்கள் நிற்கின்றன. பார்த்தீர்களா? கண்ணாடிக் கோபுரங்கள் எத்தனை! கூரைத் தோட்டங்கள் எத்தனை! குழாய்க்குள் பறக்கும் ரயில்கள் எத்தனை! முதல் பரிசுக்குத் தேர்வாகியிருக்கும் "மேகநகரம்" எவ்வளவு அழகு! அதைச் செய்த நால்வர் மீது எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. இரவல் வாங்கிய ஊசியால் கம்பி கோத்துத் தொங்கும் பாலம் செய்திருக்கிறார்கள். நானாக இருந்தால் விரலைக் குத்திக்கொண்டு எழுந்து போயிருப்பேன். அந்த நகரத்தில் பள்ளி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, காற்றாலை இருக்கிறது, நாய்க்குக் கூடப் பூங்கா இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. தரை இல்லை. வெள்ளை அட்டையின் மேல் நிற்கிறது. பதினோரு நகரங்களில் பத்து நகரங்கள் வெள்ளை அட்டையின் மேல்தான் நிற்கின்றன. ஏன்? போட்டி விதியில் தரையைப் பற்றி நாம் எதுவும் கேட்கவில்லை. எழுபது ஆண்டுக்குப் பிறகு வரப்போகும் மாடியைக் கேட்டோம். இன்று கால் வைத்திருக்கும் மண்ணைக் கேட்கவில்லை.

கேட்டவள் ஒருத்தி. பெயர் வெந்தெலா. வயது பதினைந்து. அவள் அம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறார். இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வெந்தெலாவும், மீஸ் என்ற பையனும், யாஸ்மினா என்ற பெண்ணும் சேர்ந்து செய்த நகரம் மேகத்தில் இல்லை. நம் ஊர்தான். ஸ்வான்வேன். இதே தெரு, இதே தேவாலயம், இதே ஆறு, உயர்ந்த கரைகளுக்கு நடுவே நம் தலைக்கு மேலே ஓடுகிற அதே ஆறு. "இரண்டாயிரத்து நூறில் நம் ஊர் எங்கே இருக்கும்?" என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. எப்படி இருக்கும் என்றுகூட இல்லை. எங்கே இருக்கும் என்று!

உங்களுக்குத் தெரியாததா? மட்கிய நாணலும் பாசியும் சேர்ந்த கரிய சேற்று மண் நம்முடையது. மாடு மேய வேண்டும் என்று ஓடை நீரை இறைத்துக் குறைக்கிறோம். நீர் குறைந்தால் மண் காய்கிறது. காய்ந்தால் சுருங்குகிறது. சுருங்கினால் தாழ்கிறது. தாழ்ந்தால் மறுபடி காலில் நீர் படுகிறது. உடனே கூட்டம் போடுகிறோம், ஓடை நீரை மறுபடி குறைக்கிறோம். நம் வீட்டு வாசலில் ஒரு படி இருந்த இடத்தில் இன்று மூன்று படி. நிலம் இறங்கியது என்று யாராவது சொல்கிறோமா? படி ஏறிவிட்டது என்கிறோம். தோட்டத்துக்கு ஒரு வண்டி மணல் அடிக்கிறோம், மேலே பூச்செடி நடுகிறோம், பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டுகிறார். முடிந்தது.

ஆனாலும் நமக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மண் தாழட்டும், அளவு தாழாது என்று. தேவாலயத்தின் வடக்குச் சுவரில் ஒரு வெண்கல ஆணி இருக்கிறதல்லவா? திருமணத்துக்குப் போகும்போது குழந்தைகள் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்துத் தலை பளபளத்துப்போன ஆணி. கடல்மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று நீர்வாரியப் பட்டியலில் எழுதியிருக்கிறது. இந்த ஊரின் எல்லா உயரமும் அந்த ஆணியிலிருந்துதான் அளக்கப்படுகிறது. உங்கள் வாசற்படி, ஓடையின் நீர்மட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்றங்கரையின் தலை. நானூறு ஆண்டாக நிற்கிற தேவாலயம், அது அசையுமா என்று நம்பினோம். குழந்தையின் வளர்த்தியைக் கதவு நிலையில் கோடு போட்டு அளக்கிறோம். அந்தக் கதவே மெல்ல மெல்லத் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தால்? கோடு என்ன சொல்லும்? எல்லாம் நலம் என்றுதானே சொல்லும்!

பிப்ரவரி மாதம். நடுவர்கள் ஒவ்வோர் அணியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவர்களில் ஒருவனாக நான் பள்ளியின் தச்சுப் பட்டறைக்குப் போனபோது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. மாதிரியை இரண்டு பாதியாகச் செய்திருந்தார்கள். தேவாலயப் பக்கத்தை வெந்தெலா இந்த ஆணியிலிருந்து அளந்திருந்தாள். ரயில் பாலப் பக்கத்தை மீஸ் பாலத்தில் உள்ள ஆணியிலிருந்து அளந்திருந்தான். அந்தப் பாலத்தின் தூண்கள் சேற்றைத் தாண்டி அடிமணல் வரை போனவை, தாழாதவை. நம் ஊர் தட்டையான ஊர், உயரத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டினால்தான் கண்ணுக்கே தெரியும், அதனால் அப்படியே செய்திருந்தார்கள். இரண்டு பாதியையும் சேர்த்தால் நடுத்தெருவில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு படி!

"நீ கோணலா அறுத்திருக்க" என்கிறான் மீஸ்.

"நானா? உனக்கு ரம்பம் பிடிக்கவே தெரியாது. மூணு தடவை அளந்தேன் நான்!"

"நானும்தான் மூணு தடவை அளந்தேன். மழையில நின்னு அளந்தேன். ஜுரம் வந்துச்சு எனக்கு."

"உனக்கு எதுக்குத்தான் ஜுரம் வரல!"

யாஸ்மினா மட்டும் பிஸ்கட்டைக் கடித்தபடி, "சரி, ரெண்டு பேரும் சரியா அளந்திருந்தா?" என்றாள்.

மீஸ் மெதுவாகச் சொன்னான்: "ரெண்டு பேரும் சரின்னா, சர்ச்தான் தப்பு."

"போய் பாஸ்டர்கிட்ட சொல்லு. காதைத் திருகி கையில குடுப்பார்" என்றாள் யாஸ்மினா.

வெந்தெலா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க நீர்வாரியத்துல அளவைப் பிரிவுலதானே இருந்தீங்க? இந்த ஆணியை யாராச்சும் சமீபத்துல சரிபார்த்திருக்காங்களா?"

பெரியோர்களே, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் சரிபார்ப்பாங்கம்மா" என்றேன். ஐந்து மாதப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன்.

சரிபார்த்தது நான்! பதினேழு ஆண்டுக்கு முன்னால், அதே ரயில் பாலத்திலிருந்து, அதே தெரு வழியாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்! ஆணி பட்டியலைவிடப் பத்தொன்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. ஆணி தாழ்ந்தால் படி தாழ்ந்தது. படி தாழ்ந்தால் ஓடை தாழ்ந்தது. எல்லாம் தாழ்ந்தது என்றால் ஆற்றங்கரையும் நாம் நினைத்ததைவிடப் பத்தொன்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரம் முடிந்தது" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து மாறவே இல்லை தலைவரே. நேரம் முடிந்து பதினேழு ஆண்டு ஆகிறது. அமருங்கள்.

அன்றைக்கு அந்த எண்ணோடு தலைவரின் அறைக்குப் போனேன். "பத்தொன்பதா? காத்து அடிச்சிருக்கும்ப்பா. கருவி ஆடியிருக்கும்" என்றார். ஆடவில்லை என்றேன். கதவைச் சாத்தினார். "ரைனியர், நல்லா யோசி. இதை வெளிய சொன்னா கரையை உயர்த்தணும். கரையை உயர்த்தணும்னா ஆத்தோரத்துல நாப்பது வீட்டை எடுக்கணும். நாப்பது வீட்டுக்காரனும் ஒத்துக்கணும். யார் போய்ப் பேசுறது? நீ பேசுறியா? உனக்கு உன் பொண்டாட்டிகிட்டயே பேசி ஜெயிக்கத் தெரியாது" என்றார். அது உண்மைதான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பிறகு கூட்டம். நம் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட், இரண்டாவது எடுக்குமுன் டப்பாவுக்கு மூடி. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவோம். யாரும் குரல் உயர்த்த மாட்டோம். வாக்கெடுப்பு கிடையாது, வாக்கெடுத்தால் தோற்றவன் இருப்பானே, அது நாகரிகமில்லை. முதல் காபியில் அது பத்தொன்பது. இரண்டாம் காபியில் "பத்துக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்". மூன்றாம் காபியில் "மேலும் ஆய்வுக்குரியது". நான்காம் காபியில் "அளவைப் பிழை". உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது மண்ணின் உயரத்தைப் பேசி முடிவு செய்வார்களா? நாம் செய்தோம். எட்டுத் தலை அசைந்தது. ஒன்பதாவது தலைக்காகக் காத்திருந்தார்கள். ஒன்பதாவது தலையும் அசைந்தது. அது இந்தத் தலை.

அடுத்த ஆண்டே என்னை நிலவறை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் பிரிவுத் தலைவன் ஆனான். ஓய்வறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. அன்று முதல் எனக்கு இழைக்கப்பட்ட ஒவ்வோர் அவமானத்தையும் ஞாபகத்தில் அடுக்கி வைத்தேன். யார் வணக்கம் சொல்லவில்லை, யார் பிறந்தநாள் கேக்கில் துண்டு தரவில்லை, எல்லாம் தேதியோடு தெரியும். சோதித்துப் பாருங்கள், இந்த அரங்கில் பாதிப் பேர் மீது எனக்கு ஒரு தேதி இருக்கிறது. என் காயத்தைத் தினமும் தடவித் தடவிப் பார்த்தேன். ஆற்றங்கரையை ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. ஒருநாளும்! அதுதான் நான். அவர் எண்ணை மறைத்தார். நான் என் வன்மத்துக்குள் அதே எண்ணை மறைத்தேன். எங்கள் இருவரில் யார் கெட்டவன்? நீங்கள் சொல்லுங்கள்.

சொல்ல வேண்டாம். இருங்கள், கதை முடியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடுவர் கூட்டம். ஐந்து பேர். காபி, பிஸ்கட், மூடி. வெந்தெலா அணியின் மாதிரி மேசை மேல் இருக்கிறது, நடுத்தெருவில் அந்தப் படியோடு. அவர்கள் அந்தப் படியை மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம்; கொஞ்சம் பசை, கொஞ்சம் பச்சை வண்ணம், போதும். மாறாக, சிவப்பு மையால் அதன் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: "31 சென்டிமீட்டர். காரணம்: தேவாலய ஆணி தாழ்ந்துள்ளது. கரையை உடனே அளக்கவும்."

"பிள்ளைங்க பொய் சொல்ற மாதிரி தெரியலையே கோவெர்ட்" என்றார் தலைமையாசிரியை.

"பொய்னு நான் சொல்லல ஃபென்னா. பிழை. பாவம், சின்னப் பசங்க, தெரியாம பண்ணிட்டாங்க. பட்டியலோட பொருந்தலன்னா விதிப்படி நீக்கணும், அவ்வளவுதான். ஏன், ரைனியர் இருக்கான்ல? அளவைக்காரன் அவன்தான். நீயே சொல்லுப்பா."

அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. நான்கு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். கரண்டியால் காபியைக் கலக்கினேன். அதில் சர்க்கரை போடவில்லை, இருந்தும் கலக்கினேன். "விதின்னு பார்த்தா... பட்டியலோட பொருந்தணும்தான்" என்றேன். தலையாட்டினேன். இரண்டாவது முறையாக.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டினார்கள்: "அளவுப் பிழையினால் நீக்கம்." மூன்று பேரின் பெயரோடும்.

பிள்ளைகள் விடுவார்களா? "ஏய் படிக்கட்டு, பாத்து நட, தடுக்கி விழுந்து சர்ச் சுவரை உடைச்சிடாத!" என்று தாழ்வாரத்தில் ஒருவன் கத்துவதை என் காதால் கேட்டேன். வெந்தெலா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள். நான் என்ன எதிர்பார்த்தேன்? திட்டுவாள் என்று. அழுவாள் என்று. திட்டியிருந்தால் அவள் பெயரையும் ஒரு தேதியோடு அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவள் கேட்டது இது: "சார், எங்க தப்பு எந்த இடத்துலன்னு மட்டும் காட்டுங்க. தேடித் தேடிப் பார்க்கிறோம், கண்டுபிடிக்க முடியல. திருத்திக்கறோம்."

தாய்மார்களே, இல்லாத தப்பை ஒரு பிள்ளை மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். பேருந்துக்குக் காத்திருக்கும்போது தேடுகிறாள். சாப்பாட்டு இடைவேளையில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறாள். கிடைக்காது! எப்படிக் கிடைக்கும்? தப்பு அவள் தாளில் இல்லை, என் தலையில் இருக்கிறது. கிடைக்காததால் என்ன செய்தாள்? அடுத்த ஆண்டு எந்தப் பிரிவு படிப்பது என்று மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதித் தரும் படிவம் இருக்கிறதல்லவா, திங்கட்கிழமை கடைசி நாள். அதில் இயற்பியலையும் கணிதத்தையும் அடித்து நீக்கிவிட்டாள். தலைமையாசிரியை ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு அளக்கத் தெரியல மிஸ், அதான் போர்டுலயே போட்டிருக்கே" என்றாளாம்.

இந்த நாட்டில் தண்ணீரைவிடத் தாழ்ந்து வாழ்கிற ஓர் ஊரில், அளக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆளிடம், உனக்கு அளக்கத் தெரியாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்! இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை எந்த வெள்ளம் வந்து நமக்குச் செய்யப்போகிறது? நாளைய நகரமா? நாளைய நகரம் என்று எந்த வாயால் பேசுவது? நேற்றைய எண்ணைச் சொல்ல வாய் இல்லாதவர்கள் நாளைய நகரம் கட்டப்போகிறோமா? ஆணியை நம்பினோம், ஆணி இறங்கியது. பட்டியலை நம்பினோம், பட்டியல் படுத்தது. ஒற்றுமையை நம்பினோம், ஒற்றுமையாக இறங்கிக்கொண்டிருக்கிறோம்!

தலைவர் எழுந்துவிட்டார். "ரைனியர், போதும், இறங்கு" என்கிறார். பெரியவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் நான் திரும்பச் சொல்கிறேன்: இறங்கு என்கிறார். எல்லோரும்தான் இறங்கிக்கொண்டிருக்கிறோம் தலைவரே. நான் மட்டும் சற்று நேரம் நின்றுகொள்கிறேன்.

அவையோரே, எல்லோரும் தலையாட்டினால்தான் முடிவு என்பது நம் வழக்கம். ஒருவன் மறுத்தாலும் முடிவு இல்லை. அந்த வழக்கத்தின்படி இந்த ஊர் அறியச் சொல்கிறேன்: நடுவர் குழுவின் முடிவுக்கு நான் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இன்று பரிசு இல்லை. மேகநகரத்துப் பிள்ளைகளே, மன்னித்துவிடுங்கள். உங்களுக்கு இது அநியாயம்தான், அடுத்த வாரம் மீண்டும் கூடுவோம். பதினேழு ஆண்டுக்கு முந்தைய கூட்டத்தில் கொடுத்த சம்மதத்தையும் திரும்பப் பெறுகிறேன். இதோ என் அளவைக் குறிப்பேடு, ஈரம் பட்டு வீங்கியிருக்கிறது, ஆனால் எண்கள் தெரிகின்றன. மேசை மேல் வைக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

என்னம்மா? மூன்றாம் வரிசை அம்மா, என்ன கேட்கிறீர்கள்? "அப்ப எங்க வீடு?" என்கிறார். உங்கள் வீடும்தான் அம்மா. என் வீடும்தான். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கரையை உயர்த்த எத்தனை ஆண்டு ஆகும்? கட்ட மூன்று ஆண்டு. பேசி ஒத்துக்கொள்ள எட்டு ஆண்டு. ஆறு அதுவரை காபி குடித்துக்கொண்டு காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று சொல்லத்தான் என்னை மேடையேற்றினார்கள். தூங்காதீர்கள் என்கிறேன். இன்று கைதட்டல் வாங்குகிற பேச்சு இல்லை இது, எனக்குத் தெரியும்.

வெந்தெலா, மீஸ், யாஸ்மினா, எழுந்து நில்லுங்கள். கூச்சப்படாதீர்கள். எல்லோரும் திரும்பிப் பாருங்கள். இவர்கள் அளவில் பிழை இல்லை. ஒரு மயிரிழைகூட இல்லை. தேவாலய ஆணி பட்டியலில் உள்ளதைவிட முப்பத்தொரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, நான் அளந்த பத்தொன்பதுக்குப் பிறகு இன்னும் பன்னிரண்டு. இந்தத் தாழ்வை முதலில் அளந்தவன் நான். முதலில் சொன்னவர்கள் இவர்கள். மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க வேண்டியதில்லை. அந்தப் படிவத்தை மட்டும் திங்கட்கிழமைக்குள் திருத்தி எழுதித் தா, வெந்தெலா. இந்த ஊருக்கு நீ வேண்டும் என்பதற்காக அல்ல. இந்த ஊருக்கு உன்னைக் கேட்கும் தகுதி இல்லை. உனக்கு அளக்கத் தெரியும் என்பதற்காக.

என்ன? சத்தமாகச் சொல்லம்மா. ஒலிவாங்கி என்னிடம்தான் இருக்கிறது, நீ சொல், நான் எல்லோருக்கும் திரும்பச் சொல்கிறேன்.

"சார், முப்பத்தொண்ணு செப்டம்பர்ல அளந்தது" என்கிறாள். "தப்பு எங்கன்னு தேடி, போன வியாழக்கிழமை திரும்பவும் பாலத்துலேருந்து நடந்து அளந்தோம்" என்கிறாள்.

எவ்வளவு வந்தது?

"முப்பத்திரெண்டு."

அவையோரே, கேட்டீர்களா? முப்பத்திரண்டு. முன்மொழிந்தவர் வெந்தெலா. வழிமொழிபவன் நான். இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியை இன்னும் அணைக்காமலிருக்கும் தலைவருக்கும் நன்றி. வணக்கம்.